சிரிங்கா மரத்தைச் சரியாக அடையாளம் காண்பது, அது காட்டுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பது: டர்பன் ஓடைக்கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், இசிபிங்கோ பக்கம் வீட்டு முற்றத்திலும் கோயில் வாசலிலும் தெருவோரத்திலும் நிற்கும் சிரிங்கா (Melia azedarach) நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த, வெளியிலிருந்து வந்த மரம். நிழலுக்கும் ஊதாப் பூவுக்கும் வைத்தது. வேம்பு எளிதில் கிடைக்காத இந்த ஊரில், மாரியம்மன் பூசைக்குப் பல குடும்பங்கள் இதன் இலையைத்தான் வேப்பிலையாக வைத்துக் கும்பிடுகின்றன. அதே மரம் இன்று வேலியைத் தாண்டி ஓடைக்கரைக் காடுகளுக்குள் இறங்கிவிட்டது.

ஓடைக்கரை வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. அவர்கள் தடுமாறுவது வரிசையில்தான். மரம் எது என்று உறுதியாகும் முன்பே கத்தியை எடுக்கிறார்கள். அடியில் என்ன முளைக்கிறது என்று பார்க்காமலே காடு போச்சு என்கிறார்கள். வெட்டிய பிறகு திரும்பி வருவதில்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் காலத்தைப் பாருங்கள்

சிரிங்காவைத் தேட நல்ல காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. நம் கணக்கில் ஆடியை ஒட்டிய குளிர்காலம். டர்பன் கடலோரக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை அப்போதும் பச்சையாகவே இருக்கும். சிரிங்கா மட்டும் இலையைக் கொட்டிவிட்டு, கொத்துக் கொத்தாக மஞ்சள் காய்களோடு நிற்கும். எதிர்ச் சரிவில் நின்று பார்த்தாலே எத்தனை மரம், எந்த இடத்தில் என்று எண்ணிவிடலாம்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை பூக்காலம். அடையாளத்தை உறுதிசெய்ய அதுவும் நல்ல நேரம். நடுக்கோடையில் எல்லாமே பச்சை, எல்லாமே அடர்த்தி. புதியவர்கள் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறார்கள், அந்த நேரத்தில்தான் தவறான மரத்தையும் காட்டுகிறார்கள்.

ஆகவே குளிர்காலத்தில் இடங்களைக் குறித்து வைத்து, பூக்காலத்தில் அதே மரங்களை நெருங்கிப் பாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

கேமரா உள்ள கைப்பேசி, நோட்டு, பென்சில், ஐந்து மீட்டர் கயிறு, கையுறை, முழுக்கால் உடை, மூடிய காலணி, தண்ணீர். தனியாகப் போக வேண்டாம். கயிறு எதற்கு என்று ஏழாம் படியில் தெரியும். கத்தியையும் ரம்பத்தையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கையில் இருந்தால் பார்க்கும் வேலை முடியும் முன்பே வெட்டத் தோன்றும்.

3. எது இலை, எது சிற்றிலை என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. சிரிங்காவின் இலை ஒரு கூட்டிலை. நாம் ஒற்றை இலை என்று கிள்ளி எடுப்பது அதன் ஒரு துண்டு மட்டும்தான். அந்தத் துண்டைப் படம் எடுத்து அனுப்பினால் யாராலும், எந்தச் செயலியாலும், சரியாகச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரே வழி மொட்டைத் தேடுவது. கிளையோடு காம்பு சேரும் மூலையில் ஒரு சிறு மொட்டு இருக்கும். மொட்டு இருக்கும் இடத்திலிருந்துதான் முழு இலை தொடங்குகிறது. சிற்றிலைகளின் அடியில் மொட்டு இருக்காது.

அந்த மூலையிலிருந்து நுனி வரை பாருங்கள். சிரிங்காவில் நடுக்காம்பிலிருந்து பக்கக் காம்புகள் பிரியும், அந்தப் பக்கக் காம்புகளில்தான் சிற்றிலைகள் இருக்கும். அதாவது இரண்டு முறை பிரிந்த கூட்டிலை, சில இடங்களில் மூன்று முறை. முழு இலை முழங்கை நீளம்கூட வரும்.

மிகச் சிறிய நாற்றில் முதல் சில இலைகள் இப்படி முழுதாகப் பிரிந்திருக்காது. அதனால் நாற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்தில் சற்று வளர்ந்த கன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.

4. குறைந்தது மூன்று அடையாளமாவது பொருந்த வேண்டும்

ஒற்றை அடையாளத்தை நம்ப முடியாது. ஊதாப் பூ ஜக்கரண்டாவுக்கும் உண்டு, மஞ்சள் காய் வேறு மரங்களுக்கும் உண்டு. மூன்று பொருந்தினால்தான் நோட்டில் சிரிங்கா என்று எழுதுங்கள். இரண்டோடு நின்றால் கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்த பருவத்தில் வாருங்கள்.

இலை: மேலே சொன்னபடி இரண்டு முறை பிரிந்தது. கிளையில் எதிரெதிராக அமையாமல் மாறி மாறி இருக்கும். சிற்றிலையின் விளிம்பு ரம்பப் பல் போல வெட்டியிருக்கும், நுனி கூராக இருக்கும். கசக்கினால் காரமான வாடை வரும். இலையுதிர் காலத்தில் நல்ல மஞ்சளாக மாறும்.

பூ: வெளிர் ஊதா, சிறியது, மணமுள்ளது. இதழ்களின் நடுவே கரும் ஊதா நிறத்தில் ஒரு சிறு குழாய் நிற்கும். இந்தக் குழாயைப் பார்த்துவிட்டால் பிறகு பெரிதாகச் சந்தேகம் வராது.

காய்: உருண்டை, சுமார் ஒன்றரை சென்டிமீட்டர். பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு சுருங்கும். இலை போன பிறகும் மாதக்கணக்கில் மரத்தில் தொங்கும். உள்ளே வரிவரியாகப் புடைத்த கடினமான கொட்டை.

பட்டை: இளங்கிளையில் செம்பழுப்பாகவும் வழவழப்பாகவும், வெளிர் புள்ளிகளோடும் இருக்கும். வயதான அடிமரத்தில் சாம்பல் பழுப்பாகி நீளவாக்கில் வெடித்திருக்கும்.

இலை விழுந்த தழும்பு: குளிர்காலத்தில் கிளையைத் தாழ்த்திப் பாருங்கள். பெரிய, மூன்று மடலாகப் பிரிந்த தழும்புகள் தெரியும். பூவும் காயும் இல்லாத இளமரத்துக்கு இது மிகவும் உதவும்.

காயைக் கடித்துப் பார்க்க வேண்டாம். சிரிங்காவின் காய் மனிதருக்கும் நாய்க்கும் பன்றிக்கும் நஞ்சு. குழந்தைகளை அழைத்துப் போனால் கிளம்பும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். யாராவது தின்றுவிட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

5. வேம்பா சிரிங்காவா என்று பிரியுங்கள்

இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள், அதனால் தோற்றம் நெருங்கித்தான் வரும். ரம்பப் பல் விளிம்பு இரண்டுக்குமே உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது. மூன்றாம் படியில் பார்த்த பிரிவுதான் இங்கே தீர்ப்புச் சொல்லும். வேம்பில் நடுக்காம்பிலேயே சிற்றிலைகள் நேராக அமர்ந்திருக்கும், இடையில் பக்கக் காம்பு கிடையாது. அந்தச் சிற்றிலையும் அரிவாள் போலச் சற்று வளைந்து, அடியில் இருபுறமும் சமமில்லாமல் இருக்கும். வேப்பம்பூ வெள்ளை. வேப்பம்பழம் நீளுருண்டை, கொட்டை வரிவரியாகப் புடைத்திருக்காது. குளிர்காலத்தில் வேம்பு சிரிங்காவைப் போல முழுக்க மொட்டையாக நிற்பது வழக்கமில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் காடு மட்டும் அல்ல. வேப்பிலையை அரைத்துக் குடிக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அதே எண்ணத்தில் சிரிங்கா இலையை அரைத்துக் கொடுப்பது ஆபத்து. பூசைக்கு வைப்பது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு. வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையோடு, ஆனால் தெளிவாக, இதைச் சொல்லுங்கள்.

6. தொடக் கூடாத மரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

டர்பன் பக்கம் அதிகம் மாட்டிக்கொள்வது கேப் ஆஷ், சூலு மொழியில் உம்ன்யாமதி. இதுவும் வேப்பங்குடும்பம்தான், இந்த மண்ணின் மரம். இலை ஒரு முறை மட்டும் பிரிந்திருக்கும், சிற்றிலையின் விளிம்பில் பல் இருக்காது, பழம் சிவப்பு. பறவைகளுக்கு அந்தப் பழம் முக்கியமான உணவு. இதைச் சிரிங்கா என்று வெட்டினால் காட்டுக்கு இரட்டை நஷ்டம்.

அடுத்தது காட்டுப் பிளம், உம்க்வென்யா. வளைந்த சிற்றிலை இருப்பதால் இதை வேம்பு என்று சொல்பவர்கள் உண்டு. விளிம்பில் பல் இல்லை, தடித்த பளபளப்பான இலை, நடுவே இங்கொன்று அங்கொன்றாகச் சிவந்த இலை தெரியும்.

ஜொஹானஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் லெனேசியா, லாடியத்திலிருந்து வடக்கே புஷ்வெல்ட் என்னும் புதர்க்காட்டுப் பகுதிக்குப் போகிறவர்களுக்கு வேறொரு குழப்பம். அங்கே சிவப்பு சிரிங்கா, வெள்ளை சிரிங்கா என்று அழைக்கப்படும் இரண்டு நாட்டு மரங்கள் இருக்கின்றன. பெயர் மட்டும்தான் ஒன்று. சிவப்பு சிரிங்காவின் இலையும் இரண்டு முறை பிரிந்ததுதான், ஆனால் விளிம்பில் பல் இல்லை, கிளை நுனி துரு நிறத்தில் வெல்வெட் போல இருக்கும், தட்டையான நெற்று காய்க்கும். வெள்ளை சிரிங்காவின் இலை ஒரே முறை பிரிந்தது. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

ஜக்கரண்டாவும் வெளியிலிருந்து வந்த மரம்தான், ஆனால் கணக்கில் கலந்துவிடாதீர்கள். அதன் இலை கிளையில் எதிரெதிராக இருக்கும், சிற்றிலைகள் மிகப் பொடி, காய் தட்டையான மரத்தட்டு.

7. மரத்தைவிட அதன் அடியை அதிகம் பாருங்கள்

பெரிய மரம் சொல்வது பழைய கதை, யாரோ எப்போதோ நட்டது. இனி இந்த இடம் என்ன ஆகும் என்பதை அடியில் நிற்கும் நாற்றுகள்தான் சொல்லும். கயிறு இதற்குத்தான்.

சிரிங்காவின் அடியில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் ஒன்றைக் குறியுங்கள். உள்ளே நிற்கும் கன்றுகளை மூன்று உயரமாகப் பிரித்து எண்ணுங்கள்: முழங்கால் வரை, தலை வரை, அதற்கு மேல். சிரிங்காக் கன்றுகளைத் தனியாக, நாட்டு மரக் கன்றுகளைத் தனியாக எழுதுங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று நாற்றுகள் ஒட்டிக்கொண்டு முளைத்திருந்தால் அது சிரிங்காவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு கொட்டைக்குள் பல விதைகள் இருப்பதால்.

இப்போது அதே கரையில், அதே சரிவில், ஒரு நாட்டு மரத்தின் அடியில் இன்னொரு சதுரம் எடுங்கள். உம்டோனி மரம் கிடைத்தால் நல்லது. நம் நாவலின் உறவு, ஓடைக்கரையில் இயல்பாக நிற்கும். இந்த இரண்டாவது சதுரத்தைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் முதல் சதுரத்தின் எண்ணுக்குப் பொருளே இல்லை. நாட்டு மரக் கன்றுகள் குறைவு என்றால், எதைவிடக் குறைவு?

எண்ணி முடித்ததும் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

வெயில். சிரிங்கா வேகமாக வளர்ந்து காட்டின் திறந்த இடங்களைப் பிடித்துக்கொள்ளும். குளிர்காலத்தில் இலை இல்லாததால், எப்போதும் நிழலில் கிடந்த தரைக்கு வெயில் இறங்கும். அந்த வெளிச்சத்தில் உண்ணிச்செடி, பக்வீட், ட்ரிஃபிட் போன்ற களைகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

மண். சிரிங்காவின் சருகில் நைட்ரஜன் அதிகம், அது மண்ணின் புளிப்பையும் குறைக்கும். கேட்க நல்லதாகத் தோன்றும், தோட்டத்துக்கு நல்லதாகவும் இருக்கலாம். புளிப்பு மண்ணுக்கும் குறைந்த ஊட்டத்துக்கும் பழகிய செடிகளுக்கு அந்த மாற்றம் உதவாது, களைகளுக்குத்தான் உதவும். சருகு எவ்வளவு தடிமனாகக் கிடக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள்.

பறவை. கொண்டைக்குருவிகள், இருவாச்சிகள் எல்லாம் இந்தப் பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போடுகின்றன. பறவைக்கு நல்லதுதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கேப் ஆஷ், காட்டு அத்தி விதைகளைப் பரப்ப வேண்டிய அதே பறவைகள் சிரிங்கா விதையைப் பரப்புகின்றன. பறவைகள் உட்காரும் உயர்ந்த மரங்களின் அடியைத் தவறாமல் பாருங்கள். தனி நாற்றுகள் அங்கேதான் முதலில் தலைகாட்டும்.

தண்ணீர். காயும் கொட்டையும் வெள்ளத்தோடு கீழ்நோக்கிப் போகும். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பன் ஓடைகளின் கரைகளை எப்படி அரித்துப் போட்டது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி வெறுமையான மண் இவற்றுக்குத் தோதான இடம். ஓடை வளையும் இடங்களிலும் மணல் ஒதுங்கிய திட்டுகளிலும் நின்று தேடுங்கள்.

8. பாதிப்புக்குச் சிரிங்காதான் காரணமா என்று சோதியுங்கள்

சிரிங்கா கலைந்த நிலத்தை விரும்பும் மரம். குப்பை கொட்டிய இடம், கட்டடக் கழிவு மண், உடைந்த சாக்கடைக் குழாய், அடிக்கடி தீப்பிடிக்கும் புல்வெளி ஓரம், இங்கெல்லாம் முதலில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் நாட்டுக் கன்றுகள் இல்லை என்றால் பழி முழுவதையும் மரத்தின் மேல் போட முடியாது. மரத்தை எடுத்தாலும் குப்பை தொடர்ந்தால் அடுத்து வேறொரு களை வரும்.

அதனால் ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் கலைந்த நிலமா, நல்ல காடா என்று ஒரு வரி எழுதுங்கள். என்னைக் கேட்டால், நல்ல காட்டுக்குள் நிற்கும் ஒரே ஒரு சிரிங்கா, குப்பைமேட்டில் நிற்கும் நூறு மரத்தைவிட அவசரமானது. சில்வர்கிளென் போன்ற காப்பகங்களின் ஓரத்தில் வேலை செய்பவர்கள் இதை முக்கியமாக மனதில் வைக்க வேண்டும்.

9. பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு மரத்துக்கும் ஐந்து படம்: முழு மரம், கிளையோடு சேர்ந்த முழு இலை, சிற்றிலையின் விளிம்பு அருகில், பூ அல்லது காய், அடிமரப் பட்டை. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தென்னாப்பிரிக்கத் தாவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். வீட்டில் நட்டு வளர்த்த மரம் என்றால் அப்படியே குறியுங்கள், தானாக முளைத்ததோடு கலக்கக் கூடாது. செயலி தானாகச் சொல்லும் பெயர் ஒரு யோசனை மட்டும்தான். நான்காம் படியின் மூன்று அடையாளம் பொருந்திய பிறகே அதை ஏற்றுக்கொள்ளுங்கள். கரையில் சூலு பேசும் வேலையாட்களிடம் விசாரிக்கும்போது உம்சிலிங்கா என்று கேளுங்கள், உடனே காட்டுவார்கள்.

10. சட்டமும் அனுமதியும்

2004-ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டத்தின் கீழ் உள்ள ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் சிரிங்கா இருக்கிறது. நகரத்துக்கு வெளியே 1பி வகை: கட்டுப்படுத்தியே ஆக வேண்டும். நகரத்துக்குள் 3-ஆம் வகை: இருக்கும் மரம் இருக்கலாம், புதிதாக நடவோ வளர்க்கவோ விற்கவோ கூடாது. ஆனால் ஓடைக்கரையில் நின்றால் நகரத்துக்குள்ளும் 1பி போலத்தான். வீட்டை விற்பவர் தன் நிலத்தில் பட்டியலில் உள்ள இனங்கள் இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: இயற்கைக் காட்டில் நாட்டு மரத்தை உரிமம் இல்லாமல் வெட்டுவது 1998-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். ஆறாம் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். நிலம் உங்களுடையது இல்லை என்றால் உரிமையாளரிடமோ நகராட்சியிடமோ முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

11. அகற்றும் வரிசை

புதியவர்கள் பெரிய மரத்தில் தொடங்குகிறார்கள், செய்த வேலை கண்ணுக்குத் தெரியும் என்பதால். தலைகீழாகச் செய்ய வேண்டும்.

முதலில் நல்ல காட்டுக்குள் தனியாக நிற்கும் கன்றுகள். மழை பெய்து மண் இளகிய பிறகு வேரோடு கையால் பிடுங்கிவிடலாம். வேர் அறுந்து உள்ளே நின்றால் மறுபடி துளிர்க்கும், அதனால் மெதுவாக இழுங்கள்.

அடுத்து ஓடையின் மேல்பகுதி. மேலே காய்க்கும் மரத்தை விட்டுவிட்டுக் கீழே துப்புரவு செய்தால் அடுத்த வெள்ளம் திரும்ப விதைத்துவிட்டுப் போகும்.

பிறகுதான் நடுத்தர மரங்கள். வெறுமனே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். தாழ்வாக வெட்டி, தாமதிக்காமல் அடிக்கட்டையில் களைக்கொல்லி பூச வேண்டும். பட்டையை ஒட்டிய வெளிவட்டம்தான் உயிருள்ள பகுதி, அங்கே கட்டாயம் படவேண்டும். லேபிளில் இந்த மரத்தின் பெயரும் அளவும் உள்ள மருந்தை மட்டும் வாங்குங்கள். தண்ணீர் ஓரத்தில் தெளிப்பதைத் தவிர்த்து, பயிற்சி உள்ளவரைக் கொண்டு தூரிகையால் பூசச் சொல்லுங்கள்.

வீட்டையும் மின்கம்பியையும் ஒட்டிய பெரிய மரத்தைத் தொழில்முறை மரம் வெட்டுபவரிடம் விடுங்கள். கரையை வேரால் பிடித்துக்கொண்டிருக்கும் மரங்களை ஒரே நாளில் எல்லாம் எடுத்துவிட வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எடுத்த இடத்தில் உம்டோனி, காட்டு அத்தி, கேப் ஆஷ் கன்றுகளை வைத்துக்கொண்டே போங்கள்.

காயோடு உள்ள கிளைகளை ஓடையில் தள்ளவோ கரையில் குவிக்கவோ கூடாது. காயைக் கொத்தாக நறுக்கித் தடித்த பையில் கட்டி வெளியே எடுத்துச் செல்லுங்கள். முடிந்தவரை காய் வைக்கும் முன்பே வேலையை முடிப்பது நல்லது.

12. பூசைக்கு இலை எடுப்பவர்களுக்கு

இலை பறிப்பதால் மரம் பரவாது, காயால்தான் பரவும். நகரத்துக்குள் இருக்கும் பழைய மரத்திலிருந்து இலைக்கிளை மட்டும் எடுங்கள், காய்க்கொத்து வேண்டாம். தோரணமும் கரகத்தில் செருகிய இலையும் பூசைக்குப் பிறகு ஆற்றில் விடப்படும்போது காய் ஒட்டியிருந்தால் கீழே எங்கோ முளைக்கும். கோயிலுக்கு என்று புதிய சிரிங்காக் கன்று வைக்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சட்டமும் இடம் கொடுக்காது, ஓடையும் தாங்காது. கோயில் குழுவினரிடம் பேசும்போது மரத்தைக் குற்றவாளி ஆக்கிப் பேசாதீர்கள். அம்மன் வாசலில் நிற்கும் மரம் என்ற பற்று அவர்களுக்கு இருக்கும், அது மதிக்க வேண்டிய பற்று. காயைப் பற்றி மட்டும் பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

13. திரும்பி வாருங்கள்

வெட்டிய அடிக்கட்டைகளை மூன்று மாதத்துக்குள் ஒரு முறை பாருங்கள். துளிர் வந்திருந்தால் அது இளசாக இருக்கும்போதே மருந்து வைக்க வேண்டும், தடித்துவிட்டால் வேலை இரட்டிப்பு. அப்புறம் ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் அதே இரண்டு சதுரங்களையும் அதே கயிற்றால் அளந்து, அதே மூன்று உயரத்தில் எண்ணுங்கள். சிரிங்கா நாற்று குறைந்தது என்பது மட்டும் போதாது. தலை உயரத்தைத் தாண்டிய நாட்டு மரக் கன்றுகள் கூடியிருக்கின்றனவா என்பதுதான் பார்க்க வேண்டிய எண். இரண்டு ஆண்டு எண்ணியும் அது கூடவில்லை என்றால் எட்டாம் படிக்குத் திரும்பிப் போய், அந்த இடத்தில் வேறு என்ன தடுக்கிறது என்று தேடுங்கள்.